கடல் வராது என்ற அணி

சிங்கப்பெருமாள் கோயில்
9.8.1999

அன்புள்ள இருசாவுக்கு,

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் ராஜா மாதிரிதான் வந்து சேர்ந்தேன். உன் மீனாட்சி கொடுத்தனுப்பிய முருங்கைக்காயைப் பார்த்து, “இந்த ஒரு தடவையாவது உருப்படியா ஒண்ணைக் கொண்டு வந்தேளே” என்றாள் சௌந்தரவல்லி. மேடையில் போர்த்திய சால்வையை அவள் மதிப்பதே இல்லை.

உங்கள் அம்மன் திருவிழாப் பட்டிமன்றத்தில் எனக்கு விழுந்த கைதட்டலை நீயே கேட்டாய். ‘பூமி சூடாகிறது, கடல் ஊருக்குள் வருமா, வராதா?’ என்று தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ‘வராது’ என்ற அணி. ‘வரும்’ என்று விழுந்திருந்தால் அதற்கும் இதே தொண்டையைத்தான் கிழித்திருப்பேன். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க், மேடையில் கோமாளி. இருபது வருஷமாக நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது.

“அமெரிக்காக்காரன் புகை விட்டால் நம்மூர்க் கடல் பொங்குமாம். என் வீட்டில் அடுப்பு மேலேயே வைத்தாலும் பால் பொங்க அரைமணி ஆகிறது!” என்றேனே, உன் மச்சான் எல்லப்பன் எழுந்து நின்று விசிலடித்தாரே, பார்த்தாயா? நீ மட்டும் ஏன் சிரிக்கவில்லை? கடப்பாக்கம் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், முன்வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமா?

உன்,
ரங்கன்

கடப்பாக்கம் குப்பம்
22.8.1999

அன்பு ரங்காவுக்கு இருசப்பன் எழுதுவது.

ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டாய். அன்று காலையில்தான் எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. கோயிலுக்கும் அலைக்கும் நடுவில் நாம் கபடி ஆடிய இடம் இப்போது படகை ஏற்றி வைக்கக்கூடப் போதவில்லை. என் வீடு முதல் வரிசை. உனக்குத் தெரியாததல்ல.

ரோட்டுக்கு மேற்கே மனை தருகிறோம், புரட்டாசி முடிவதற்குள் ஊர் கையெழுத்துப் போடவேண்டும் என்று சர்க்கார் ஆள் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊர்க் கட்டுப்பாடு, ஐம்பத்தெட்டு தலைக்கட்டில் ஒன்று மறுத்தாலும் ஊர் மறுத்ததாகத்தான் அர்த்தம். மீறித் தனியாகப் போகிறவனுடன் யாரும் கடலுக்கு வரமாட்டார்கள்.

எல்லப்பன் கட்சி போகாதே என்கிறது. நம்மைக் கிளப்பிவிட்டு இங்கே சொகுசு ஓட்டல் கட்டுவான் என்கிறார்கள். அதையும் முழுக்கப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் குப்பத்துப் பையன் அரசு இருக்கிறானே, அவன் கட்சி போ என்கிறது. திருவிழாவுக்கு முன்னால் ஒன்பது வீடுதான் மறுத்தது, பேசிச் சரிக்கட்டியிருப்போம். இப்போது முப்பது. டீக்கடையில், “சாமியே சொல்லிக்கினாரு, பாலே பொங்காதுன்னு. படிச்சவரு பொய்யா சொல்லுவாரு?” என்கிறார்கள். கோயில் சுவரிலும் எழுதிவிட்டார்கள். மீனாட்சிக்கும் அவள் அண்ணன் எல்லப்பனுக்கும் பேச்சு நின்றுவிட்டது.

நீ ஒருநாள் வா. சீட்டில் விழுந்ததைத்தான் பேசினேன் என்று கோயில் வாசலில் ஒரு வார்த்தை சொல். அது போதும்.

உன்,
இருசப்பன்

சிங்கப்பெருமாள் கோயில்
5.9.1999

அன்புள்ள இருசா,

என் பேச்சை நம்பவும் ஆள் இருக்கிறது என்று தெரிந்து ஒரு நிமிஷம் பூரித்துப்போனேன். அடுத்த நிமிஷம் உன் கடிதத்தை முதலிலிருந்து திரும்பப் படித்தேன்.

உடனே கிளம்பத்தான் நினைத்தேன். ஆனால் தேர்தல் நேரம். எல்லப்பன் கட்சியார் அச்சரப்பாக்கத்தில் இரண்டு கூட்டத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள். அதே பாலை அங்கேயும் பொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நன்றி என்று வந்தது. “உங்க வாய் ஒருத்தர் குடியைக் கெடுத்துண்டிருக்கு, நீங்க தேதி பார்க்கறேளா?” என்று சௌந்தரவல்லி இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை.

அக்டோபர் மூன்று, ஞாயிறு, கட்டாயம் வருகிறேன். கெடு முடிய அப்புறமும் இரண்டு வாரம் இருக்கிறது.

உன்,
ரங்கன்

சிங்கப்பெருமாள் கோயில்
4.10.1999

இருசா,

சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

கோயில் வாசல் கூட்டத்தில் நீ பின்னால் நின்றிருந்தாய். “நான் அன்னிக்குப் பேசினது விளையாட்டு. கடல் வருது. கையெழுத்துப் போடுங்கோ” என்றேன். அப்புறம் சிரித்தார்களே, ஆடியில்கூட அப்படிச் சிரிக்கவில்லை. “ஐயா, என் இருசப்பன் வீடு போயிடும்” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்தது. “இன்னா நடிப்பு பாரேன்!” என்று ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவளை இடித்தாள். சிரிக்காமல் இருந்தவர் எல்லப்பன் ஒருவர்தான். “இன்னா சாமி, அரசு ஆளுங்க எத்தினி குடுத்தாங்க?” என்றார். உடனே அரசு ஆட்கள் எழுந்தார்கள், சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வந்ததில் இன்னும் நாலு வீடு அந்தப் பக்கம் போயிருக்கும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இறங்கும்போது யாரோ சால்வை போர்த்தினார்கள். நான் குனிந்து கழுத்தைக் கொடுத்தேன். பழக்கம், இருசா.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ரங்கன்

கடப்பாக்கம்
14.12.1999

ரங்காவுக்கு,

பதில் எழுத நேரம் இல்லை. எழுத உட்காரும் இடமும் இல்லை.

கெடு முடிந்ததும் மனையை வேறு குப்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கார்த்திகைப் புயலில் முதல் வரிசை பதினோரு வீடும் போயிற்று. பட்டப்பகலில்தான். மீனாட்சி கதவை மட்டுமாவது கழற்றிவிடலாம் என்று உளியோடு நின்றாள். நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மகள் ஷீலாவை மதுராந்தகத்தில் அவள் சித்தி வீட்டில் விட்டிருக்கிறோம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம்.

எல்லப்பன் வீடும் போய்விட்டது. அவரும் இதே அறையில், எதிர்ச்சுவர் ஓரம் படுத்திருக்கிறார். வடக்கே ஓட்டல்காரன் ஒருவன் கரைத்தடுப்புக்குக் கொட்டிய கல்தான் கடலை இங்கே திருப்பிவிட்டது என்கிறார். இல்லை, உலகமே சூடாகிவிட்டது என்கிறான் அரசு. நிவாரண அரிசிக்குக்கூட அவன் ஆட்கள் ஒரு வரிசை, இவர் ஆட்கள் ஒரு வரிசை. நான் எதில் நிற்பது என்று தெரியாமல் கடைசியில் வாங்கிக்கொள்கிறேன். இரண்டாவது வரிசைக்கும் இப்போது நாலடியில் அலை. மிச்சமுள்ள நாற்பத்தேழு வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

நீ ஆறுதல் சொல்ல வருவாய் என்கிறாள் மீனாட்சி. வராதே. உன்மேல் கோபம் என்று நினைக்காதே; கோபம் இருந்தால் வரச்சொல்லி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். உன்னைப் பார்த்தால் இந்த அறையில் எல்லாரும் சிரிப்பார்கள். பழகிய முகம், எனக்கும் சிரிப்பு வந்துவிடும். மீனாட்சி அதைப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
ச. இருசப்பன்