தொப்புளில் நிற்காத இரத்தம்

சாணார்பட்டி
12.8.2003

அன்பு மகன் விக்னேஷ்குமாருக்கு அம்மா பொன்னழகு எழுதுவது. இங்கே அப்பா, தீபா, நான் மூவரும் சுகம், உன் மகளும் பால் குடித்துவிட்டு நன்றாகத் தூங்குகிறாள். மஸ்கட் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க நம் கருப்பணசாமி துணை.

உன் பேச்சாயி அத்தை உனக்குப் போன் போட்டு, "தீபா வயித்துலதான் கோளாறு, அவ அப்பன் வீட்டுக்கே அனுப்பிட்டு வேற பொண்ணு பாப்போம்" என்றாளாம். நீ பதில் சொல்லாமல் போனை வைத்தாயாம். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை அப்பு, போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன் மகளுக்குத் தொப்புள்கொடி விழுந்த பிறகு அந்த இடத்தில் இரத்தம் கசிந்தது, துணியை மாற்ற மாற்ற நனைந்தது. அத்தை மஞ்சளை அப்பிக் கட்டச் சொன்னாள், நான் கேட்கவில்லை, பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன், தீபாவும் பச்சை உடம்போடு கூட வந்தாள். அங்கே ஜெஸ்ஸி என்று ஒரு குழந்தை டாக்டர். இரத்தம் உறையும் டெஸ்ட் எல்லாம் சரியாக இருந்தது, கசிவோ நிற்கவில்லை. அப்போது அவர், "சொந்தத்துல கல்யாணமா? குடும்பத்துல இதுக்கு முன்னாடி பிள்ள ஏதும் தவறியிருக்கா?" என்று கேட்டார். உனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் அப்பு, உன்னிடம் சொன்னதில்லை. அவளுக்கும் தொப்புளில்தான் வந்தது, பேர் வைக்கும் முன்பே போய்விட்டாள், அன்றைக்கும் பழி எனக்குத்தான். சொந்தத்தில்தான் கல்யாணம் என்றேன், இதையும் சொன்னேன். டாக்டர் உடனே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இரத்தம் எடுத்துக்கொண்டு பிளாஸ்மா ஏற்றினார், கசிவு நின்றது. இரத்தம் உறைகிறது, ஆனால் உறைந்த கட்டி கரைந்துவிடுகிறது, அதைக் கெட்டியாக்கும் ஃபேக்டர் பதிமூன்று நம் பிள்ளைக்கு இல்லை என்று வேலூரிலிருந்து முடிவு வந்தது. தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோயாம்.

போன வாரம் அத்தை வந்து மறுபடி ஆரம்பித்தாள். "மதினி, என் மூத்தவளுக்கு உங்க வீட்டு ரத்தத்துல இருந்தும்தான் வந்துச்சு, தீபாவ அனுப்பணும்னா உங்க தம்பியையும் சேத்து அனுப்பணும்" என்றேன். அக்காவை எதிர்த்து ஒரு சொல் பேசாத உன் அப்பாவே, "அக்கா, பிள்ளயப் பாக்கணும்னா வா, வேற பேச்சுக்கு வராத" என்று சொல்லிவிட்டார். அவள் காப்பிகூடக் குடிக்காமல் போனாள், போகட்டும். பிள்ளைக்குக் காது குத்தப் போவதில்லை, குலதெய்வம் கோபித்தால் நான் பேசிக்கொள்கிறேன். எந்த ஊசி என்றாலும் டாக்டரிடம் முதலில் நோயைச் சொல்ல வேண்டும், தலையில் லேசாக அடிபட்டாலும் அழுகை நிற்கிறதா என்று பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், மாதாமாதம் மதுரைக்குப் போய் பிளாஸ்மா ஏற்றிக்கொண்டால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்வாள் என்கிறார் டாக்டர். இவள் வளர்வாள், நான் பார்க்கத்தான் போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நீண்ட ஆயுசோடு இரு. அத்தைக்குச் சொல்லாத பதிலை ஞாயிற்றுக்கிழமை தீபாவுக்குப் போன் செய்து உன் வாயால் சொல். லீவு கிடைத்ததும் வா, அடுத்த முறை பிளாஸ்மா ஏற்றும்போது பிள்ளையை நீ மடியில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டு பெண் பிள்ளைகளையும் உன்னையும் மடியில் ஏந்திய
அம்மா பொன்னழகு