பன்னிரண்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

காத்திருக்க வைத்தே என்னைப் பழக்கிய என் அன்பானவருக்கு,

நேற்று உங்கள் பழைய மாணவி முனியம்மா ஜமுனாமரத்தூரிலிருந்து வந்திருந்தாள். நீங்கள் வரலாறு நடத்திய பள்ளியில் இப்போது அவள்தான் வரலாற்று ஆசிரியை. வெள்ளிக்கிழமை பள்ளிக் கண்காட்சிக்கு நீங்கள் எழுதிய சீனக் கடிகாரங்கள் நோட்டு வேண்டுமாம்.

நீங்கள் மறைந்தபின் திறக்காமலே வைத்திருந்ததைப் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். நீர் சொட்டும் பானைகளும் ஊதுவத்திக் கடிகாரமும் நீங்கள் வரைந்தபடியே இருக்கின்றன. வத்தி எரிந்து நூலை அறுக்க, அதில் தொங்கும் உருண்டை தட்டில் விழுந்து நேரம் சொல்லும். உருண்டைக்குப் பதில் புளியங்கொட்டையைக் கட்டி, என் வெள்ளித் தாம்பாளத்தை வகுப்புக்குக் கொண்டுபோய்க் கரியாக்கி வந்தீர்களே, நினைவிருக்கிறதா?

அடுத்த பக்கத்தில் முனியம்மா நின்றுவிட்டாள். சீனர்கள் ஒரு நாளைப் பன்னிரண்டு மணியாகப் பிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டை அடித்து, மேலே இருபத்துநான்கு என்று சிவப்பு மையில் ஒரு திருத்தம். கான்வென்டில் பரிசு வாங்கிய என் கையெழுத்து.

"இன்னாம்மா இது? சார் எழுதுனதுதான் சரி. அவுங்க ஒரு மணி நமக்கு ரெண்டு மணி நேரம்."

"ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணிதானே?"

"அது நம்ம கணக்கும்மா. எங்க சாருக்கே தப்பு போட்ட ஒரே ஆளு நீங்கதான்!"

சிரித்தபடியே புரட்டினாள். அதற்குப் பிறகு நோட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. அவள் சிரிப்பும் நின்றது.

அன்று நான் திருத்திக் காட்டியபோது, "சரி சாரதா, உன் மணிக்கே நடப்போம்" என்று மூடி வைத்தீர்கள். தெரிந்திருந்தும் ஏன் வாதாடவில்லை? என்னிடம் பயமா, பிரியமா? அப்புறம் ஏன் எழுதவே இல்லை?

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அந்தப் பக்கத்தின் மேல் தாள் ஒட்டி மறைத்துவிடலாம் என்றாள் முனியம்மா. வேண்டாம் என்றேன். அதே சிவப்பு மையில், 'ஆசிரியர் எழுதியதே சரி. திருத்தியவள் செய்தது தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கண்காட்சியில் அந்தப் பக்கம்தான் திறந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் தாம்பாளத்தோடு போகிறேன். மறுபடியும் கரி படியட்டும். வத்தியை நானே ஏற்றுவேன். முதல் புளியங்கொட்டை விழும்வரை, என் கைக்கடிகாரத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

ஒரே ஒருமுறை தவறிய
உங்கள் மனைவி சாரதா