ஐஸில் வைக்காத ரத்தம்

ஜனவரி 18, செவ்வாய்

ரத்தம் எடுக்கும் அறையில் நான் கூச்சல் போட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். கூச்சல் போடவில்லை. "ஐஸ் எங்கே?" என்று ஒரு முறை கேட்டேன். ரத்தக் குழாயை உடனே ஐஸில் வைக்க வேண்டும் என்று படிவத்தின் கடைசி வரியில் அச்சிட்டிருந்தது. கான்வென்டில் எங்களைக் கடைசி வரி வரை படிக்கப் பழக்கினார்கள். ரத்தம் எடுக்கும் கேலீன் வேறு எங்கோ படித்தவள்.

"ஐஸா? ஜின்னுக்கா, மிஸஸ் டுஹி?" என்றாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை, வெயில் நாற்பத்தொன்று. மெல்பர்னுக்கு ரத்தம் கொண்டுபோகும் வண்டி நேற்றுதான் வந்ததாம்.

ஜனவரி 21, வெள்ளி

டாக்டர் ஃபென்னர் முடிவைச் சொன்னார். கால்சிட்டோனின் என்பது கழுத்துச் சுரப்பியில் ஊறும் ஹார்மோன். எலும்பின் சுண்ணாம்பு ரத்தத்தில் கரைவதைக் குறைப்பது அதன் வேலை. என் கழுத்துக் கட்டி ஒரு வகைப் புற்றாக இருந்தால் அது மிக அதிகமாக ஊறுமாம்.

"அளவுக்குள்ளதான் இருக்கு, மிஸஸ் டுஹி. ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம். உங்க குடும்பத்துல யாருக்காவது கழுத்துல கட்டி இருந்துச்சா?"

"இல்லை" என்றேன்.

ஜனவரி 23, ஞாயிறு

ஏன் இல்லை என்றேன்?

ஜனவரி 31, திங்கள்

டாக்டரிடம் போய் அந்தக் கடைசி வரியைக் காட்டினேன். படித்தார். அவர் காது சிவந்தது. ஐஸ் இல்லாவிட்டால் ஹார்மோன் சிதைந்து அளவு குறைவாகக் காட்டுமாம்; திரும்ப எடுக்கச் சொன்னார். கேலீன் ஐஸ் பெட்டியோடு நின்றாள். "ஜின்னை மறந்துட்டியே" என்றேன். சிரித்தாள். மோசமான பெண் இல்லை.

ஐஸைப் பற்றிச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, வியாழன்

கால்சிட்டோனின் அறுபத்தெட்டு. பத்தைத் தாண்டக் கூடாதாம். அறுவை சிகிச்சை மெல்பர்னில்.

கோரல் லாமிங்டன் கேக்கோடு வந்தாள். ஐம்பது வருடப் பழக்கம், வாயை மூடத் தெரியாது. "எனக்கு இடுப்பெலும்பு வளைஞ்சப்ப அதையேதான் ஊசியாப் போட்டாங்க, உர்சுலா. சால்மன் மீனோடதாம். எனக்குக் குத்திக் குத்தி ஏத்தினது உனக்குச் சும்மாவே ஊறுது பாரு. கொடுத்துவச்சவ."

சிரித்துவிட்டேன். அப்புறம் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "உன் தம்பி டெஸ்ஸுக்கும் இதானே?"

இன்னொரு துண்டு கேக் வெட்டி அவள் தட்டில் வைத்தேன்.

"உன் மக ஜெனவீவ்கிட்ட யார் சொல்றது? நானா?"

என் தம்பிக்கு மாரடைப்பு என்றுதான் இந்த ஊருக்குத் தெரியும் என்று முப்பத்து நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை பேர் என் முகத்துக்காகச் சும்மா இருந்தார்களோ.

மார்ச் 19, சனி

சுரப்பியை எடுத்துவிட்டார்கள். குரல் கரகரவென்று வருகிறது, யாரோ கிழவி பேசுவதைப் போல.

அறுவைக்கு முன்பு இங்கேயும் அதே கேள்வி. "என் தம்பிக்கு இருந்தது. நாற்பத்தொரு வயது" என்றேன். அந்த டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருடம் வெட்கப்பட்டு மறைத்தேன்?

பரம்பரையாக வருவதா என்று பார்க்க இன்னொரு குழாய் ரத்தம் எடுத்தார்கள்.

மே 5, வியாழன்

பரம்பரைதான். என் ரத்தத்தில் இப்போது கால்சிட்டோனின் தென்படவே இல்லை. ஆனால் என் மகள் ஜெனவீவுக்கு இந்த மரபணு போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளிடமிருந்து டெல்லாவுக்கும் போயிருக்கலாம். பேத்திக்கு ஒன்பது வயதாகியிருக்கும். மூன்று வயதில் பார்த்தது. முன்கூட்டியே தெரிந்தால் புற்று வருவதற்குள் சுரப்பியை எடுத்துவிடலாமாம்.

ஜெனவீவ் இருக்கும் பெர்த்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? என் கணவர் லியோவை அடக்கம் செய்த அன்று அவள் என்னைக் கேட்டாள்: "அம்மா, டெஸ் மாமாவுக்குக் கழுத்துல கட்டியாமே? நான் டெஸ்ட் பண்ணிக்கணுமா?" எல்லோர் எதிரிலும். பொய் பரப்புகிறவர்களுக்கு என் வீட்டில் இடமில்லை என்றேன். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மே 8, ஞாயிறு

அன்னையர் தினம். கோரலின் மகன் வெள்ளைச் செவ்வந்தி வாங்கி வந்தானாம்; பாதியை எனக்குப் பிரித்துக் கொடுத்தாள். நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டேன், எல்லாவற்றிலும் என்னை நியாயப்படுத்தி எழுதியிருந்தேன். நாளைக்குத் தபாலில் போகும் கடிதத்தின் நகல் இது:

ஜெனவீவ்,

டெஸ் மாமாவுக்கு மாரடைப்பு இல்லை. கழுத்தில் புற்று. பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தான். "மாரடைப்பால், திடீரென்று" என்று பத்திரிகைக்கு எழுதிக்கொடுத்தவள் நான். அப்பாவின் அடக்கத்தன்று நீ சொன்னது உண்மை. பொய் சொன்னவள் நான்.

அதே புற்று எனக்கும் வந்து, சுரப்பியை எடுத்தாயிற்று. ஆய்வுக்கூடத்தின் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்; உன் டாக்டரிடம் காட்டி மரபணுச் சோதனை செய்துகொள். உனக்கு இருந்தால் டெல்லாவுக்கும் செய். கால்சிட்டோனினுக்கு ரத்தம் எடுத்தால் குழாய் ஐஸில் போகிறதா என்று நின்று பார். சிரித்தால் சிரிக்கட்டும்.

என்னோடு பேச உனக்கு மனமில்லாவிட்டால் பேச வேண்டாம். இருவரும் சோதனை செய்துகொண்டீர்களா என்று மட்டும் எழுதிப் பதில் அனுப்பு.

அம்மா