சொல்லிவிட்டு மாற்றுங்கள்

என் ஆசை அத்தானுக்கு,

ஆசை என்று எழுதிவிட்டேன். அது பழக்கத்தில் வந்துவிட்டது. உண்மையில் நான் உங்கள் மேல் கொலைவெறியில் இருக்கிறேன். ஊரே படிக்கட்டும் என்றுதான் இப்படிப் பகிரங்கமாக எழுதுகிறேன். நேரில் இருந்தால் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டிருப்பேன். அதற்கு நீங்கள் வழி வைக்கவில்லை.

சித்திரை வெயிலில் நம் தகரக் கொட்டகை கொதிக்கிறது. காற்று அடித்தால் கரிசல் புழுதி எல்லாம் இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின் மேல்தான். காலையில் வந்ததும் துடைக்கிறேன். மில்லுக்காரர்கள் இன்னும் பாகம் செய்ய ஜாப் கொடுக்கிறார்கள். உங்களுக்காகக் கொடுக்கிறார்களோ எனக்காகக் கொடுக்கிறார்களோ தெரியாது. கேட்கவும் இல்லை.

அந்தப் பழைய மெஷினுக்கு மோட்டாரும் கம்ப்யூட்டரும் மாட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா? கைப்பிடியைக் கழற்றிவிடலாம் என்று மாட்ட வந்தவர் சொன்னதற்கு நீங்கள் அவரை அடிக்காத குறை. அப்புறம்தான் அந்த லிவர் வந்தது. இழுத்தால் மோட்டார் கழன்றுகொள்ளும், இரும்பை வைக்கிற டேபிளைக் கைப்பிடியால் நகர்த்தலாம். தள்ளினால் மறுபடி கம்ப்யூட்டர் கைக்குப் போய்விடும். கீபோர்டு எனக்கு, கைப்பிடி உங்களுக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

நமக்குள் வந்த சண்டையில் பாதி அந்த லிவரால் வந்ததுதான். நான் புரோகிராம் போட்டு வைத்திருப்பேன். நீங்கள் பாட்டுக்கு லிவரை இழுத்து, ரெண்டு சுற்றுச் சுற்றி, தள்ளிவிட்டு டீக்குப் போய்விடுவீர்கள். நீங்கள் நகர்த்தியது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? டேபிள் விட்ட இடத்திலேயே நிற்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்கும். அதை நம்பி நானும் பட்டனை அமுக்குவேன். செதுக்குகிற கட்டர் போய் இரும்பில் மோதி உடையும்.

"சொல்லிட்டு மாத்துங்கன்னு எத்தன தடவ சொல்றது? நகட்டுனா எடத்தக் காட்டி மறுபடி ஜீரோ எடுக்கணும்ல!" என்று கத்துவேன்.

"சரி புள்ள, சரி புள்ள" என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

கடைசியில் நான்தான் சட்டம் போட்டேன். மாற்றுவதற்கு முன்னால் "கைக்கு!" என்று சத்தம் கொடுக்க வேண்டும். மற்றவர் "ம்ம், மாத்து" என்று சொன்ன பிறகுதான் லிவரைத் தொட வேண்டும். நீங்கள் அதையும் கேலியாக்கினீர்கள். வீட்டில் குழம்புக் கரண்டியை என்னிடமிருந்து வாங்கும்போதுகூட "கைக்கு!" என்பீர்கள். ஆனால் அதற்கப்புறம் நம்மிடம் ஒரு கட்டர்கூட அப்படி உடையவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உடைந்தது.

உங்கள் அண்ணன் ரெட்டியபட்டியிலிருந்து வந்தார். கூடவே காரியாபட்டியில் லேத் வைத்திருக்கிற ஒருவர். மெஷினை விலை பேசக் கூட்டி வந்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஓட்ட ஆளில்லாம துருப்பிடிச்சுப் போகும்த்தா" என்றார். நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, என் முகத்தைப் பார்த்தே அதைச் சொன்னார் அத்தான். என் கையில் அப்போது கிரீஸ்.

வந்தவருக்குக் காட்ட வேண்டும் என்று லிவரை இழுத்தார். "பாருங்க, வெண்ணெ மாதிரி ஓடும்" என்று கைப்பிடியைச் சுற்றினார். அப்புறம் லிவரைத் தள்ளிவிட்டுப் பச்சைப் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"பெரியத்தான், ஜீரோ எடுக்காம தொடாதீக!" என்று ஓடினேன்.

"நீ சும்மா இருத்தா. எந்தம்பி ஓட்டுனத நான் பாக்காததா?"

அமுக்கிவிட்டார். டேபிள் விறுவிறுவென்று போனது. கட்டர் இரும்பைப் பிடித்திருக்கும் வைஸில் மோதி, துண்டு தெறித்துத் தகரத்தில் அடித்தது. காரியாபட்டிக்காரர் வாசலுக்கே பாய்ந்துவிட்டார். நான் சிவப்புப் பட்டனை அடித்து நிறுத்தினேன்.

"சொல்லாம மாத்துனா இப்படித்தான் ஆகும்! நகட்டுனதச் சொன்னாத்தான தெரியும்?" என்று கத்தினேன். ரோட்டில் போகிற ஷேர் ஆட்டோவுக்கே கேட்டிருக்கும்.

உங்கள் அண்ணனுக்கு அவமானம். வந்தவர் முன்னால் தம்பி பெண்டாட்டி கத்துகிறாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

"என்னயச் சொல்ல வந்துட்ட. உம் புருசன் சொன்னானா? ஆடியிலயே மதுரையில டாக்டரு சொல்லிட்டாரு, நெஞ்சுல அடப்பு இருக்கு, ஒடனே ஆஸ்பத்திரியில வந்து படுன்னு. நாந்தான் கூடப் போனேன். 'அவகிட்டச் சொல்லாதண்ணே, பயந்துருவா'ன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனான்."

தையில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். ஆடியிலிருந்து தை வரை என் பக்கத்தில் நின்று "கைக்கு! கைக்கு!" என்று கத்தினீர்களே, ஒரு தடவையாவது இது வாய் வரை வந்ததா? மூச்சு வாங்கும்போது "புழுதி புள்ள" என்றீர்கள். நானும் நம்பி முகத்துக்குக் கட்டத் துணி தைத்துக் கொடுத்தேன். துணி!

நீங்கள் விட்ட இடத்திலேயே நிற்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பயந்துவிடுவேனாம். ஆமாம், பயந்திருப்பேன். பயந்துகொண்டே உங்கள் சட்டைக் காலரைப் பிடித்து மதுரை பஸ்ஸில் ஏற்றியிருப்பேன். அழுதுகொண்டே ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பேன். அழுகிறவளுக்கு வேலை செய்யத் தெரியாது என்று யார் உங்களுக்குச் சொன்னது?

உங்கள் அண்ணனை வெளியே போகச் சொன்னேன். "இது எங்கப்பன் எடம்த்தா" என்றார்.

"எடம் ஒங்களதுதான். வச்சுக்கங்க. மெஷினு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணொண்ணாச் சேத்தது. அத எடுத்துக்கிட்டு நான் போறேன்."

காரியாபட்டிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்தம்மா இல்லாம இத வாங்கிட்டுப் போயி நான் என்னண்ணே செய்ய?" என்று அவரிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. அன்றைக்கு எதிலும் வரவில்லை.

திருச்சுழி ரோட்டில் ஒரு கொட்டகை பிடித்திருக்கிறேன். நேற்று மெஷினை லாரியில் ஏற்றினோம். ஏற்றுவதற்கு முன் டேபிளை நடுவுக்குக் கொண்டுவர லிவரை இழுக்க வேண்டும். லோடு ஏற்றுகிறவர்கள் கயிற்றோடு நிற்கிறார்கள். நான் பழக்கத்தில் "கைக்கு!" என்று கத்திவிட்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"என்னக்கா, யாருக்குச் சொல்றீக?" என்று ஒருவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்று லிவரை இழுத்தேன்.

நம் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்குத் தோள்பட்டையில் ஒரு வலி இருக்கிறது, அதையும் சொன்னேன். திங்கட்கிழமை இருவருமாக டாக்டரிடம் போகிறோம். அவளும் பயந்தாள். பயந்துகொண்டே டோக்கன் போட்டுவிட்டாள்.

உங்கள் படத்துக்கு மாலை போடுகிறேன், விளக்கு ஏற்றுகிறேன். அதை வைத்து மன்னித்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். இந்தக் கோபம் ஒருநாள் ஆறலாம். உங்களைப் போல நான் செய்ய மாட்டேன் அத்தான், இது சத்தியம். ஆறுகிற அன்று பட்டறையில் நின்று, லிவரைத் தொடுவதற்கு முன்னால், உங்களுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன். சொல்லும்வரை ஆறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குச் சொல்லவில்லை.

உங்கள் அத்தை மகள்,
இன்னும் உங்கள் பெண்டாட்டி,
செல்வி