சிவப்புப் பந்தும் நான் சொன்ன பதிலும்

நண்பா,

இன்று காலையிலும் கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசைத் துணிக்கு இஸ்திரி போட்டேன். பதுளையில் ஒரு வாரமாக விடாத மழை. துணி ஈரம் கோத்துப் பந்து ஓட மறுக்கிறது. சூடான பெட்டி பச்சைக் கம்பளியில் பட்டதும் எழுந்த வாடையில் உன் ஞாபகம் வந்துவிட்டது. செத்துப்போனவனுக்கு மடல் எழுதுவது கிறுக்குத்தனம்தான். நீ உயிரோடு இருந்தபோது சொல்லத் துணியாததை வேறு எப்படிச் சொல்வது?

நாம் இருவரும் இங்கே மார்க்கர்களாக இருந்தோம். தேயிலைத் தோட்டத்துத் துரைமார் ஆடும்போது புள்ளி சொல்வதும், ஜோடி இல்லாத துரையோடு ஆடித் தோற்பதும் நம் வேலை. அவர்கள் தோட்டத்தில் இருக்கும் வாரநாள் காலைகளில், யாருக்கும் தெரியாமல் மேசை நம்முடையது. நான் மனம்போனபடி அடிப்பேன். நீ சிவப்புப் பந்தை ஒரே இடத்தில் வைத்து ஒரே அடியை இருபது தடவை அடிப்பாய். முடிந்ததும் பந்தடிக்கும் கோலை மடியில் கிடத்தி உட்கார்ந்துகொள்வாய்.

"ஏழாவதுல தலையத் தூக்கிட்டேன். பன்னெண்டுல அவசரப்பட்டேன்."

"என்னடா, பஞ்சாயத்து முன்னால நிக்கிறியா?" என்று கிண்டல் செய்வேன்.

"கோலு மேல பழியப் போட்டா நாளைக்கும் இதே தப்புத்தான்டா," என்பாய். கை தேறினால் கொழும்பு கிளப்பில் வேலை கிடைக்கும், அம்மாவை ஸ்பிரிங்வெளி தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து கூட்டிப்போய்விடலாம் என்பதுதான் உன் கணக்கு. ஒரு வருஷத்தில் இருபதில் ஒன்று தப்பினாலே அதிசயம் என்றானது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு பெரிய துரை உன்னை ஆடக் கூப்பிட்டார். கடைசி அடி உன்னுடையது. அதைத் தப்பவிட வேண்டும். மார்க்கருக்கு அதுதான் முறை. பந்து நேராக மேசை மூலைப் பைக்குள் போய் விழுந்தது. துரையின் முகம் சிவந்தது, பிறகு அவரே சிரித்துவிட்டார்.

"தப்பா அடிக்கத்தான்டா பாத்தேன். கை கேக்கல," என்று என் காதில் சொன்னாய். அத்தனை நாளும் சரியாக அடிக்கவே பழகியவன் நீ. தப்பாக அடிப்பதில் நான்தான் கெட்டிக்காரன்.

அது அதோடு போயிருக்கும். திங்கட்கிழமை கிளப்பைக் கவனிக்கும் துரை என்னைத் தனியே கூப்பிட்டு, உன் பெயரைச் சொல்லி, நீ மேசையில் திருட்டுத்தனமாக ஆடுகிறாயா என்று கேட்டார்.

"ஆமாங்க தொரை," என்றேன். நானும் ஆடுகிறேன் என்று சொல்லவில்லை.

காரணம்கூடச் சொல்லாமல் அன்றே உன்னை அனுப்பிவிட்டார்கள். லயத்துக்கே திரும்பினாய். மழையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் காய்ச்சலில் விழுந்தாய். நான் பார்க்க வந்தபோது உன் அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்துட்டேன்டா. தப்பு என் கையிலதான்," என்றாய்.

உண்மை வாய்வரைக்கும் வந்தது. "ஆமாடா," என்றேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

இப்போது நானும் தினமும் இருபது அடி அடித்து, உட்கார்ந்து யோசிக்கிறேன். கை கொஞ்சம் தேறியிருக்கிறது. மனுஷன் தேறவில்லை. போன ஞாயிறு சந்தைக்கு வந்த உன் அம்மா கிளப் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீ ஒருத்தன்தான்யா அவனுக்குக் கூட்டாளியா நின்ன," என்றாள்.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.