ததேயு சொன்ன வழி

செவ்வாய்க் கிரகம், தென்சமவெளி. 'வள்ளம்' வண்டியின் ஓட்டப் பதிவு.

முதல் நாள், 06:40. தலைமை முகாம்.
ஆறு சக்கரமும் சரி. வின்ச் வடம், மணல் பலகைகள், மண்வெட்டி எல்லாம் ஏற்றியாயிற்று. இரண்டு மின்கலமும் நிறைந்திருக்கின்றன. ஓட்டுவது நான், பனிமயம். பள்ளத்தாக்கில் துளையிடும் முகாமில் என் தம்பி ததேயு தனியாக இருக்கிறான். அங்கே பாறை சரிந்து அவனுடைய காற்றுச் சுத்திகரிப்பான் உடைந்துவிட்டது. அவன் விடும் மூச்சு அந்த அறையிலேயே தங்கி நஞ்சாகிக்கொண்டிருக்கிறது. மாற்றுக் கருவி என் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. நாளை மதியத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். இன்னொரு வண்டி அச்சு முறிந்து கிடப்பதால் துணைக்கு யாரும் இல்லை. முகாம் தலைவி ஷமீமா கதவு வரை வந்து வழியனுப்பினார்.

11:15. சமவெளி.
புழுதிப் புயல் முந்திக்கொண்டது. சூரியன் எங்கே என்று தெரியவில்லை. நாலாபுறமும் ஒரே காவி வெளிச்சம். வழிகாட்டும் செயற்கைக்கோள் போன மாதமே செத்துவிட்டது. காந்த ஊசி இந்தக் கிரகத்தில் உதவாது. வண்டியில் இருக்கும் திசைக் கருவியை மட்டும் நம்பிப் போகிறேன்.

14:50. மணல் குழி.
முன்சக்கரங்கள் மென்மணலில் இறங்கி வண்டி ஒருக்களித்து விழுந்தது. பாறையில் வடத்தைக் கட்டி, சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து வெளியே இழுத்துவிட்டேன். ஆனால் திசைக் கருவி உடைந்தது. ஒரு மின்கலமும் போயிற்று. மிச்சம் இருப்பதை வைத்து ததேயுவிடம் போய்ச் சேரலாம். திரும்புவதற்கு அவனுடைய சூரியப் பலகைகளில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

ரேடியோவில் அவனிடம் அப்படியே சொன்னேன். மின்கலத்தில் மிச்சம் எவ்வளவு என்று இரண்டு முறை கேட்டான். பிறகு:

"சூரியப் பலகை நல்லாத்தான் இருக்கு எக்கா. ஒன் சிக்னல் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு என் ஆன்டெனா காட்டுது. நான் வழி சொல்லுதேன். நீ ஸ்டியரிங்க மட்டும் பாரு."

18:30. ஓட்டத்தில்.
அவன் சொல்லச் சொல்ல ஓட்டுகிறேன். கொஞ்சம் இடப்பக்கம். இன்னும் கொஞ்சம். அங்கே குழி இருக்கும், சுற்றிப் போ. நடுநடுவே முகாமின் தக்காளி சூப்பைக் கிண்டல் செய்கிறான். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போது அவனுக்கு மூச்சு வாங்குகிறது. தலைவலி என்கிறான்.

இரண்டாம் நாள், 05:20. ஓட்டத்தில்.
குறுக்கே ஒரு சக்கரத் தடம், பாதி புழுதியில் மூடியிருந்தது. முன்பு அவனைக் கொண்டுவந்து விட்ட வண்டியின் தடம் அது என்றான். எனக்குத் தெம்பு வந்தது. அதையே பிடித்துப் போகிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கிட்டே போகப் போக அவன் குரல் தெளிவாக வேண்டும், தேய்ந்துகொண்டே போகிறது. கேட்டதற்கு, ரேடியோ பேட்டரி இறங்குகிறது என்றான். இருக்கலாம். மூன்று முறை அவனைத் தூங்கவிடாமல் பெயர் சொல்லி எழுப்பினேன்.

09:05.
முன்னால் வெளிச்சம். யாரோ விளக்கை மேலும் கீழும் ஆட்டுவது தெரிந்தது. வந்துவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன்.

"எக்கா, அது நான் இல்ல. ஷமீமா மேடம். நீ நம்ம முகாமுக்கே திரும்பிட்ட."

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன்.

"சரிஞ்ச அந்தப் பாறதான் சூரியப் பலகையையும் நொறுக்கிட்டு. இங்க சார்ஜ் ஏத்த ஒண்ணும் இல்ல. நீ வந்திருந்தா ரெண்டு பேரும் இங்கயே கெடக்கணும். நேர சொன்னா நீ கேக்கவா செய்வ?"

நான் பார்த்தது என்னுடைய தடம்.

09:40. முகாம் வாசல்.
வண்டியைத் திருப்பினேன். ஷமீமா முன்னால் வந்து நின்றார். நகரவில்லை. மின்கலத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. நேற்று மாலையே ததேயு அவரிடம் பேசி, என்னிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவர் அழுதுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. சார்ஜ் ஏறி, மறுபடி அவ்வளவு தூரம் போய்ச் சேரும் வரை அவன் தாங்க மாட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் போட்டேன்.

10:30. வண்டிக்குள்.
இறங்கவில்லை. இறங்கினால் ரேடியோவை விட வேண்டும். அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரி எக்கா. கோவம் தீந்துச்சா. வெளிய என்ன தெரியுதுன்னு சொல்லு. எனக்கு இங்க ஒண்ணும் தெரியல."

சொல்கிறேன். கொடிக்கம்பம் தெரிகிறது. உடைந்த வண்டி தெரிகிறது. புழுதி அடங்குகிறது.

11:10.
சூரியன் தெரிகிறது, சின்னதாக, வெள்ளையாக. அவனிடம் சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"

வலப்பக்கம் என்றேன். மூச்சு மட்டும் கேட்கிறது.

கேட்கிறது. எழுதிக்கொண்டே கேட்கிறேன். கை சும்மா இருந்தால் முடியவில்லை.

இன்னொன்று.

ரொம்ப நேரம் கழித்து இன்னொரு மூச்சு.

இரைச்சல் கூடிவிட்டது, அதனால் கேட்காமல் இருக்கலாம். குரல் கொடுத்தால் எழுந்துவிடுவான். தம்பி, தூங்காதலே, நான் இன்னும் சொல்லி முடிக்க