வழியனுப்புக் கடிகாரம்

கும்மிடிப்பூண்டி
21.10.2007

அன்புள்ள தானியேலுக்கு,

ஜோஷ்வா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். ஷார்ஜா வெயிலில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், போனில் உன் குரல் கொஞ்சமும் குறையவில்லையே. அந்தக் குரலுக்குப் பயந்துதான் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வரவில்லை. உன் கம்பெனியில் அலைந்து நீ எனக்காக ஏற்பாடு செய்த விசாவை ஹெலனின் தம்பிக்குக் கொடு. உன் மச்சானுக்கு லேத் நன்றாகத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது என்னைத் திட்டி முடி. முடித்துவிட்டு மேலே படி.

போன மாதம் வரை வருவதாகத்தான் இருந்தேன். காரணம் உனக்குத் தெரியும், அதே காரணத்துக்காகத்தானே நீயும் இந்த ஐடிஐயை விட்டுப் போனாய். நீ கற்றுக்கொடுத்த ஆளையே உனக்கு மேலே வெல்டிங் பிரிவுக்குப் பொறுப்பாக உட்கார வைத்தார்கள். என் டர்னர் பிரிவிலும் அதே கதைதான். வேலையெல்லாம் நான், பொறுப்பு என்ற பெயர் லேத் ஓட்டத் தெரியாத குப்புராஜ் சாருக்கு. வாத்தியார்களில் காலனியிலிருந்து வந்தவர்கள் நாம் இருவர்தான், நீ போனதும் நான் ஒருவன். அதனால் காலனிப் பையன் எவன் எந்தப் பிரிவில் வாலாட்டினாலும் என்னிடம் அனுப்பிவிடுவார்கள். பஸ் கண்ணாடி உடைந்தாலும் சரி, ஸ்காலர்ஷிப் வராவிட்டாலும் சரி, "உங்க பசங்க, நீங்களே பாத்துக்குங்க சார்." நான் டர்னர் வாத்தியாரா, காலனி வார்டனா?

ராஜினாமா எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் பாஸ்போர்ட் விசாரணைக்கு சோழவரத்தில் நம் தெருவுக்கு ஒரு ஏட்டு வந்து என் வீடு எது என்று கேட்டார். நான் எங்கேயோ இரும்பு திருடிவிட்டேன் என்று தெரு முழுக்கப் பேச்சு. அம்மா ஜெபம் பண்ண உட்கார்ந்துவிட்டார். ஏட்டு டீ குடித்துவிட்டு விஷயத்தைச் சொல்ல, மறுநாள் காலை பஸ் கண்டக்டரே என்னிடம் எப்போது ஃப்ளைட் என்று கேட்டார்.

நம் பசங்களை உனக்குத் தெரியும். சொன்ன வேலையைச் செய்ய நாலு தடவை சொல்ல வேண்டும். சொல்லாத வேலையை அன்றே முடித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், லேத்துகளுக்கு நடுவே பெஞ்சு போட்டு மிக்சர், சமோசா, ரோஸ்மில்க், எனக்கு ஒரு மாலை. ஒருவன் அழுதான். சமோசாவைத் தின்றுகொண்டே அழுதான். வழியனுப்பு விழாவுக்கு நம் ஊரில் என்ன கொடுப்பார்கள்? சுவர்க் கடிகாரம்தானே. கண்ணாடியில் சிவப்புப் பெயிண்டில் 'வெளிநாடு செல்லும் ஜோஷ்வா சாருக்கு, டர்னர் மாணவர்கள்' என்று எழுதியே வாங்கி வந்துவிட்டார்கள். அவர்கள் கூப்பிட்டு வந்திருந்த பிரின்சிபல் அருணாச்சலம் சார் கையில் சமோசாவோடு, யார் எங்கே போகிறார்கள் என்று கேட்டார். நான் மாலையைக் கழற்றி லேத் மேல் வைத்துவிட்டு, திங்கட்கிழமை வந்து சொல்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை எனக்கு முன்னால் கெங்கம்மாள் வந்து நின்றார். அவர் மகள் சந்திரகலா இந்த வருஷம்தான் சேர்ந்தாள், டர்னர் பிரிவுக்கு வந்த முதல் பெண், நம் காலனிதான். பையன்களுக்கு இன்னும் பிடிபடாத, போல்ட்டுக்குத் திரெட் வெட்டும் வேலை அவளுக்கு வந்துவிட்டது. கெங்கம்மாள் சிப்காட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறார். ஈரச் சேலையோடு வந்து மகளுக்கு டீசி கேட்டார்.

"நீ கீறன்னுதான் அவள அனுப்சேன் நைனா. நீயே பூட்டேன்னா அவ இங்க இன்னாத்துக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதென்ன, என்னைக் கயிறு போட்டுக் கட்டுகிற வேலை? நான் போனால் வேறு வாத்தியார் வருவார், கற்றுக்கொடுக்கப் போவது மிஷின்தான், நான் இல்லை என்று சொன்னேன்.

"மிஷினு வேல கத்துக் குடுக்கும். பேர் சொல்லிக் கூப்புடுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சந்திரகலாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். டிராயிங் வாத்தியாரிடம் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் உண்டு. இவளுக்கு மட்டும் 'ஏ காலனி'. அதை அவள் தலையைக் குனியாமல் நேராகச் சொன்னாள், அளவு சொல்வது போல. நாம் படித்தபோதும் அப்படித்தானே? உன்னை எவனாவது தானியேல் என்று கூப்பிட்டானா? நாம் பழகிக்கொண்டோம். அவளும் பழகிக்கொள்ள வேண்டும் என்று என்ன சட்டம்?

டீசி கேட்பதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள் என்று கெங்கம்மாளிடம் சொல்லிவிட்டு நேராகப் பிரின்சிபல் அறைக்குப் போனேன். ராஜினாமாவை மேஜையில் வைத்தேன். டர்னர் பிரிவுப் பொறுப்பு என் பெயருக்கு வர வேண்டும். தப்பு செய்த பையனை அவனவன் பிரிவு வாத்தியாரே விசாரிக்கட்டும். அட்டெண்டன்ஸில் இருக்கிற பெயரைச் சொல்லித்தான் எந்தப் பிள்ளையையும் கூப்பிட வேண்டும். முடியாது என்றால் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கடிகாரம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றேன்.

அவர் மனம் மாறிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். அடுத்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன். டர்னர் வாத்தியார் இல்லையென்றால் பிரிவுக்கே பூட்டு. மின்விசிறியைப் பார்த்து யோசித்தார், சரி என்றார். வாய்வார்த்தை வேண்டாம், ஆர்டராக அடித்துக் கொடுங்கள் என்று அங்கேயே நின்றேன். கொடுத்தார். கெங்கம்மாள் டீசி வாங்காமல் வேலைக்கு ஓடினார். நன்றி எல்லாம் சொல்லவில்லை, லேட்டாகிவிட்டது.

உடனே என்னைத் தியாகி ஆக்கிவிடாதே. தியாகம் பண்ணுகிறவன் மூஞ்சி தொங்கியிருக்கும், எனக்குத் தொங்கவில்லை. ஒரு பையன் லேத்தில் முதல் தடவை இரும்பைச் சுருள் சுருளாகச் சீவும்போது அவன் மூஞ்சியைப் பார்த்திருக்கிறாயா? அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது வேலை இல்லை, அதைச் சுற்றியிருந்த கண்றாவி. பேரிங் போனால் பேரிங்கைத்தான் கழற்ற வேண்டும், மிஷினையே எடைக்குப் போடுவானா?

குப்புராஜ் சார் கதையைச் சொல்லாமல் விட்டால் நீ சண்டைக்கு வருவாய். போன வாரம் அவர் தெருப் பையன் ஒருவன் இரும்பை இறுக்கிய சக் சாவியை எடுக்காமலே லேத்தை ஓட்டிவிட்டான். சாவி பறந்து போய் ஜன்னலை உடைத்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அவனை நான் முதலில் நன்றாக விசாரித்தேன். பிறகு குப்புராஜ் சாரிடம் கூட்டிப் போய், "உங்க பையன் சார், நீங்களே பாத்துக்குங்க" என்றேன். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. அவர் அன்று என்னை டீக்குக் கூப்பிடவில்லை. மறுநாள் கூப்பிட்டார். டிராயிங் வாத்தியார்தான் இன்னும் தடுமாறுகிறார், 'ஏ' என்று ஆரம்பித்து நிறுத்தி, பெயரைத் தேடுகிறார். தேடட்டும்.

கடிகாரத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். பெயர் எழுதியதை வாங்க மாட்டேன் என்று விரட்டிவிட்டார் கடைக்காரர். அதனால் வொர்க்‌ஷாப் சுவரிலேயே மாட்டிவிட்டோம். தினமும் காலையில் அது என்னை வெளிநாட்டுக்கு வழியனுப்புகிறது, நான் அதன் கீழே நின்று அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன். சந்திரகலா என்றால் மிஷின் சத்தத்துக்கும் மேலே 'எஸ் சார்' என்று வருகிறது.

உனக்கு மேலே உட்கார்ந்தவர் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டார். வெல்டிங் பிரிவு பூட்டிக் கிடக்கிறது. உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே, தகவல் சொல்கிறேன். அங்கே நல்ல சம்பளம், ஹெலனுக்கும் பிள்ளைக்கும் நல்லது, எனக்குத் தெரியாதா?

வேளாவேளைக்குச் சாப்பிடு. கண்ணாடி போடாமல் வெல்டிங் பக்கம் போகாதே. கர்த்தர் உன்னைக் காப்பார் என்று அம்மா எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். நீ போனபோது இங்கே மாலை இல்லை, சமோசா இல்லை, உனக்கென்று ஒரு கடிகாரமும் யாரும் வாங்கவில்லை. உன்னை இன்னும் யாரும் வழியனுப்பவே இல்லை தானியேல். என் கணக்குப்படி நீ லீவில்தான் இருக்கிறாய்.

உன்
ஜோஷ்வா